பூச்சு ஏறிய முகம்

அத்தியாயம் 14

போன வாரம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, முதல் வசனம் என்னவென்று தெரியாமல் அழுத அம்மாவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுண்டுவாலும் மறக்க முடியவில்லை. ஒரு வாரமாக அந்த ரகசியத்தை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வைத்துக்கொண்டு திரிகிறாள்.

அம்மாவுக்கு வசனம் மறக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இல்லை, பக்கம் பக்கமாக. நாற்காலிகளை நெருக்கிப் போட்டால் ஒரு தெருவே உட்காரக்கூடிய அந்தச் சின்ன நாடக அரங்கத்துக்கு அம்மாதான் கதாநாயகி. அப்பாதான் முதலாளி, இயக்குநர், கதாநாயகன், தேவைப்பட்டால் தச்சனும் அவர்தான். மனைவிக்கு மறதி வந்த விஷயம் அவருக்குத் தெரியாது. தெரிந்தவள் சுண்டு ஒருத்திதான். மேடைக்கு அடியிலிருந்து வசனம் எடுத்துக் கொடுக்கிறவள் அவள்.

மேடையின் முன் விளிம்பில் பலகையை அறுத்து ஒரு பொந்து வைத்திருந்தார்கள். மேலே ஒரு தகர மூடி. அதற்குள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நடிகர்களுக்கு அவள் முகம் தெரியும், ஜனங்களுக்குத் தெரியாது. எட்டு வயதில் அதற்குள் இறங்கியவளுக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்தார்கள். அது தேய்ந்து சுண்டு ஆயிற்று. இப்போது பதினேழு ஆகிவிட்டது, பொந்தில் முழங்கால் இடிக்கிறது, பெயர் மட்டும் போகவில்லை.

முன்பெல்லாம் நடிகர்கள் தடுமாறினால்தான் அவள் வாயைத் திறப்பாள். இப்போது அம்மாவுக்கு ஒவ்வொரு வரியையும் ஊட்ட வேண்டியிருந்தது. சுண்டு உதட்டை அசைப்பாள், அம்மா அதை வாங்கி அப்படியே சபைக்கு வீசுவாள். குரலில் ஒரு பிசிறு இருக்காது. என்ன சொல்கிறோம் என்று யோசிக்க அம்மாவுக்கு அவகாசம் இல்லை. யோசித்தால் அடுத்த வரி தவறிவிடும்.

அந்தக் குடும்பத்தில் ஒரு சட்டம் உண்டு. முகத்தில் ஒப்பனைப் பூச்சு ஏறிவிட்டால், அதைக் கழுவும் வரை அந்த முகத்திடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. தாத்தா காலத்துச் சட்டம். அந்தத் தாத்தா போனதே ஒரு நாடகத்தின் நடுவில்தான். வீட்டில் அவர் மூச்சு நின்றபோது அப்பா மேடையில் கோமாளி வேஷத்தில் குதித்துக்கொண்டிருந்தார். திரை விழுந்து, முகம் கழுவி, துண்டால் துடைத்த பிறகுதான் சொன்னார்கள். அப்பா அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். "அன்னிக்குக் கைதட்டல் அடங்கவே இல்ல" என்பார். தாத்தா கடைசியில் யாரைத் தேடினார் என்று மட்டும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

சுண்டுவுக்கு ஆறு வயதில், ஓரத்தில் நின்ற மரப் படிக்கட்டிலிருந்து விழுந்து கை ஒடிந்தது. மேடையில் அப்பா பேசிக்கொண்டிருந்தார். அவள் திரைச்சீலையை வாயில் திணித்துக்கொண்டு நாடகம் முடியும் வரை மூச்சு விடவில்லை. "என் பொண்ணுடா இவ!" என்று அப்பா அவளை ஒடிந்த கையோடு தூக்கிச் சுற்றினார். உயிர் போகிற வலி. ஆனாலும் அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த வீட்டில் பிள்ளைகள் இப்படித்தான் வளர்ந்தார்கள்.

அண்ணன் மட்டும் மடங்கவில்லை. "சாகறவன்கூட இடைவேளை வரைக்கும் காத்திருக்கணுமா?" என்று ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேட்டுவிட்டான். பேச்சு தடித்தது. "இனி இந்த வாசப்படியை மிதிக்காதே" என்றார் அப்பா. "மிதிச்சாக் கேளுங்க" என்று அவன் கிளம்பினான். ஊரின் மறுகோடியில் ஒரு சரக்குக் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. அன்றிலிருந்து அம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவுக்குப் பயந்தா, தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனவன் மேல் கோபமா என்று சுண்டுவுக்கு விளங்கவில்லை. ஒருவேளை அம்மாவுக்கே விளங்கவில்லையோ என்னவோ.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

பகல் காட்சி. விருந்தாளி நாடகம். ஒரு வீட்டுக்கார அம்மாவிடம், உங்கள் கணவரோடு படித்தவன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் பெட்டியோடு வந்து ஒட்டிக்கொள்கிறான். அவனைக் கிளப்ப அந்த அம்மாள் பொய் மேல் பொய்யாக அடுக்குகிறாள். தண்ணீர்த் தொட்டி வெடித்துவிட்டது, அத்தைக்கு வலிப்பு, சித்திக்கு அம்மை. ஒவ்வொரு பொய்க்கும் விருந்தாளி ஒரே பதிலைச் சொல்வான்: "அப்படியா சார்! அப்ப நான் இருந்து பாத்துட்டே போறேன்!" ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் எல்லாரையும் சார் என்று கூப்பிடுகிற ஆள். அந்த வரி வரும்போது சபையே சேர்ந்து கத்தும். அம்மாதான் அந்த வீட்டுக்காரி, அப்பாதான் விருந்தாளி.

அம்மாவின் உடுப்பைத் தேய்த்து எடுத்துக்கொண்டு சுண்டு ஒப்பனை அறைக்கு வந்தபோது, வாசலில் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். அப்பாவின் தம்பி. டிக்கெட் கவுண்டர் அவர் பொறுப்பு. அந்த நேரத்தில் கவுண்டரை விட்டு அசையாத மனிதர், கையில் போனோடு கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளே அம்மா அப்போதுதான் டப்பாவைத் திறந்திருந்தாள். ஒரு விரலால் பூச்சை எடுத்து நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். அவ்வளவுதான். அதை இன்னும் தேய்க்கக்கூட இல்லை.

"என்ன தம்பி, கூட்டம் எப்படி?" என்று கண்ணாடி வழியாகக் கேட்டாள்.

சித்தப்பா அந்தப் பொட்டைப் பார்த்தார். வாய் திறந்து மூடியது. "ஹவுஸ்ஃபுல் அண்ணி" என்றார். காது மடலைத் தடவிக்கொண்டே திரும்பி நடந்தார்.

சித்தப்பா காது மடலைத் தடவினால் பொய் சொல்கிறார் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சுண்டு உடுப்பைக் கொக்கியில் மாட்டிவிட்டு அவர் பின்னாலேயே போனாள்.

அப்பா மேடையில் கதவு ஒன்றுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் கடைசியாகத்தான் பூச்சு போடுவார். முகம் வெறுமையாக இருந்தது.

"அண்ணே, கிடங்கு ஆளு போன் பண்ணாரு. நம்ம பையன் மேல மூட்டை அடுக்கு சரிஞ்சிருச்சாம். ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க."

சுத்தியல் பாதியில் நின்றது. "உயிருக்கு?"

"கால்தான்னு சொன்னாங்க. இடுப்புலயும் அடின்னாங்க. நல்லாப் பேசறானாம். அம்மாவை உடனே வரச் சொல்றானாம்."

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"போனேன். பூச்சு ஆரம்பிச்சுட்டாங்க."

அப்பா கையில் இருந்த ஆணியையே பார்த்தார். பெற்ற மனம் இல்லாமலில்லை. பிறகு அவருக்குள் இருந்த முதலாளி எழுந்துகொண்டார்.

"சரி. கால்தானே. கட்டு போட்டாச் சரியாயிடும். ஷோ முடிஞ்சதும் எல்லாருமாப் போகலாம்."

"அண்ணே, இப்பவே..."

"நெறைஞ்ச சபைடா. எவ்வளவு நாளாச்சு இப்படி நெறைஞ்சு! அவளைப் பாதியில எழுப்பி அழ வச்சு என்ன ஆகப்போவுது?" அப்போதுதான் அவர் சுண்டுவைப் பார்த்தார். "நீயும் வாயைத் திறக்காதே. உங்கம்மா இன்னிக்குச் சிரிச்சு நடிக்கணும்."

சுண்டு தலையாட்டினாள். ஆட்டியிருக்கக் கூடாது என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. கால்தானே என்றுதான் அவளும் நினைத்தாள். சின்ன வயதில் தன் கை ஒடிந்தபோது யாரை எழுப்பினார்கள்? அந்த வீட்டில் ஒடிந்த எலும்புக்கெல்லாம் திரை விழுந்த பிறகுதான் மரியாதை.

முதல் பாதி பிரமாதமாகப் போயிற்று. அம்மா ஒரு வரிகூடத் தவறவிடவில்லை. பொந்தைப் பார்ப்பது தெரியாமல் பார்ப்பாள், வரியைப் பிடிப்பாள், வீசுவாள். கன்னத்தில் ரோஜா நிறம், மேலுதட்டில் ஒரு பெரிய மச்சம், வளைத்து எழுதிய புருவம். அவள் அப்பாவியாகக் கண்ணை உருட்டி "சித்திக்கு அம்மை!" என்றதும் சபை குலுங்கியது.

இடைவேளை விட்டதும் சுண்டு மேடைக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தாள். வெளியே சித்தப்பா காத்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறிக் கிடந்தது.

"மறுபடி போன் வந்துச்சும்மா."

"என்னாச்சு?"

"உள்ளுக்குள்ள ரத்தம் கசியுதாம். வெளியில தெரியலையாம், இப்பதான் கண்டுபிடிச்சாங்களாம். பொழைக்கிறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாராம். அம்மா எங்கே, அம்மா எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருக்கானாம்."

"அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"எப்படிம்மா சொல்றது? பூச்சு போட்டிருக்காரே."

"சித்தப்பா!"

"எனக்கு மட்டும் ஆசையா? பொறந்ததுலேருந்து அப்படித்தானே பழக்கி வச்சிருக்காங்க. உங்க தாத்தா விஷயத்தை உங்க அப்பாகிட்ட மறைச்சது யாரு? நான்தான். அப்ப எனக்கு உன் வயசு." அவர் கையைப் பிசைந்தார். "அதான் உன்கிட்ட சொல்றேன். இங்க வெறும் முகம் உனக்கும் எனக்கும்தான் இருக்கு."

கேட்கச் சிரிப்பாக இருக்கும். அந்த இடத்தில் நின்று பார்த்தால் சிரிப்பு வராது. ஒரு பிள்ளை செத்துக்கொண்டிருக்கிறான். செய்தி வாங்கிக்கொள்ள வெறும் முகத்தைத் தேடிக்கொண்டு அவன் சித்தப்பா மேடைக்கு அடியில் வந்து நிற்கிறார்.

"நகருங்க, நான் சொல்றேன்" என்று சுண்டு ஒப்பனை அறைப் பக்கம் ஓடினாள். பாதி வழியிலேயே மணி அடித்துவிட்டது. அம்மாவும் அப்பாவும் ஏற்கெனவே திரைக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார்கள். திரை நடுங்கிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கியது. பொந்தில் ஆள் இல்லாமல் திரை ஏறினால், அத்தனை பேர் முன்னால் அம்மா ஒரு வரியும் தெரியாமல் நிற்பாள். சுண்டு திரும்பி ஓடித் தவழ்ந்து உள்ளே விழுந்தாள். முழங்கால் தோல் உரிந்தது.

இரண்டாம் பாதி தொடங்கியது. அவள் வரிகளை எடுத்துக் கொடுத்தாள். கண்ணில் நீர் கட்டி எழுத்து கலங்கியது, ஆனாலும் கொடுத்தாள். அம்மா வாங்கி வீசினாள். ஜனங்கள் சிரித்தார்கள். அந்த ஒவ்வொரு சிரிப்புக்கும் நேரம் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் எந்தக் கட்டிலில் கிடக்கிறானோ, யார் பக்கத்தில் இருக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டே சுண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

விருந்தாளி செருப்பைக் கழற்றிவிட்டுச் சோபாவில் கால் நீட்டிப் படுக்கிற கட்டம். அதில் அப்பா தனியாகக் கொஞ்ச நேரம் சேட்டை செய்வார். அம்மாவுக்கு வசனம் இல்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு முறைத்தால் போதும். பொந்துக்கு மிகப் பக்கத்தில்தான் நிற்பாள்.

இதுதான் நேரம் என்று சுண்டு நினைத்தாள். மெதுவாகக் காதில் போட்டுவிடலாம். அம்மா ஏதாவது சாக்கு வைத்து ஓரமாக வந்துவிடுவாள். அவ்வளவு காலம் மேடையில் இருந்தவளுக்கு அது தெரியாதா?

"அண்ணன் ஆஸ்பத்திரியில இருக்கான்" என்றாள்.

பொந்திலிருந்து எது வந்தாலும் அது வசனம். இந்த ஒரு வாரமாக அம்மா அதை நம்பித்தான் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பழக்கத்தைப் பழக்கியவளே சுண்டுதான். அவசரத்தில் அவளுக்கே அது மறந்துபோயிற்று.

அம்மா சட்டென்று சபையைப் பார்த்து நிமிர்ந்தாள். கண்ணை உருட்டினாள். "அண்ணன் ஆஸ்பத்திரியில இருக்கான், சார்!" என்று முழங்கினாள்.

கொல்லென்று சிரிப்பு. அத்தை, சித்தி எல்லாரும் முடிந்து இப்போது அண்ணனா!

சோபாவில் கிடந்த அப்பா விழித்தார். இந்த வரி நாடகத்தில் கிடையாது.

சுண்டு வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "இல்லம்மா, நெஜமா. பொழைக்கிறது கஷ்டமாம்."

"நெஜமா, சார்! பொழைக்கிறது கஷ்டமாம்!"

சபை கைதட்டத் தொடங்கியது. பின் வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். எல்லாரும் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். அப்பா எழுந்து நின்றார். அவர் முகத்தில் எதுவும் இல்லை, பூச்சுதான் இருந்தது. வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய வாய் தானாகத் திறந்தது. சபையும் அவரோடு சேர்ந்து கத்தியது.

"அப்படியா சார்! அப்ப நான் இருந்து பாத்துட்டே போறேன்!"

கூரை அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குள் அம்மா குனிந்து பொந்தைப் பார்த்தாள். தகர மூடிக்குக் கீழே மகள் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தாள். அம்மாவுக்குக் கூடப் பிறந்த அண்ணன் கிடையாது. அவள் வீட்டில் அண்ணன் என்று கூப்பிடப்படுகிறவன் ஒருவன்தான்.

அம்மா மெல்ல நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"என்னங்க" என்றாள். "உங்களுக்குத் தெரியுமா?"

வீட்டுக்காரி விருந்தாளியை என்னங்க என்று கூப்பிட்டதும் ஜனங்கள் நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். ஒரு கிழவர் இருமி இருமிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கால்தான்னு சொன்னாங்க" என்றார் அப்பா. சபைக்குக் கேட்காத குரல். முன் வரிசைக்குக் கேட்டது, அவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அம்மா யாரையும் பார்க்கவில்லை. ஓரத்துக்குப் போகவில்லை, நேராக மேடையின் முன்படியில் இறங்கினாள். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். புது யோசனை என்று நினைத்த ஜனங்கள் இருபுறமும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு பெண் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

சுண்டு மேடைக்கு அடியில் தவழ்ந்து வெளியேறும்போது தலைக்கு மேலே பலகை கிறீச்சிட்டது. அப்பா நடக்கிற சத்தம். இறங்கி வருகிறார் என்று நினைத்தாள். சத்தம் மேடை நடுவில் போய் நின்றது.

"போயிட்டாங்களா சார்? போகட்டும். நான் இருந்து பாத்துட்டே போறேன்!"

மறுபடி சிரிப்பு. அந்த நிமிஷம் சுண்டு அப்பாவை மனதார வெறுத்தாள். அந்தக் குரல் உடைந்திருந்ததை அவள் கவனிக்காமலில்லை. கவனித்தும் வெறுத்தாள்.

டாக்சிக்காரன் கண்ணாடியில் இரண்டு முறை அம்மாவைப் பார்த்தான். ரோஜாக் கன்னமும் மச்சமுமாக ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் பார்க்க மாட்டானா? மூன்றாவது முறை பார்க்கவில்லை, வேகத்தைக் கூட்டினான்.

அம்மா சுண்டுவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லலாம். இடைவேளையில்தான் என்று சொன்னால் பாதி உண்மையாகவாவது இருக்கும். "ஆரம்பத்துலயே தெரியும்மா. கால்னுதான் சொன்னாங்க."

"நான் பூச்சு போடறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"நெத்தியில ஒரு பொட்டுதான் வச்சிருந்தீங்க."

அம்மா கையை விடுவித்துக்கொண்டாள். உள்ளங்கையால் நெற்றியைத் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். தோல் சிவக்கும் வரை தேய்த்துக்கொண்டே வந்தாள். சுண்டுவை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரி நடையில் ஒரு பெரிய உருவம் சுவரில் சாய்ந்து நின்றது. தலை, சட்டை எல்லாம் கிடங்குத் தூசி. அம்மாவைப் பார்த்ததும் அந்த ஆள் நிமிர்ந்தார். யாரென்று கேட்கவில்லை. அந்த முகத்தோடு அங்கே வேறு யார் வருவார்கள்?

"நான் அவர்கூட வேலை பாக்கறவன்மா" என்றார். கதவைக் காட்டினார். "இப்பதான்... கொஞ்சம் முன்னாடிதான்."

அம்மா உள்ளே போனாள்.

சுண்டு வாசலோடு நின்றுவிட்டாள். கட்டிலில் கிடந்தவனின் கால் நன்றாகக் கட்டுப்போட்டு, தலையணை மேல் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. கட்டு போட்டால் கால் சரியாகிவிடும் என்று அப்பா சொன்னது சரிதான், காலுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மேடையில் அம்மா அழுதால் டிக்கெட் எடுக்காதவனுக்கும் கேட்கும் என்று சித்தப்பா கேலி செய்வார். இங்கே சத்தமே வரவில்லை. அவள் குனிந்து பிள்ளையின் கன்னத்தோடு கன்னம் வைத்தாள். எடுத்தபோது அவன் முகத்தில் ரோஜா நிறம் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கப் போய், துடைக்காமல் விட்டாள்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கிடங்குக்காரர் எதிரே குந்தினார்.

"ரொம்ப நேரம் தெளிவாத்தான் பேசிக்கிட்டிருந்தாரும்மா. வலிக்குதான்னா இல்லைன்னாரு. கதவு தெறந்தாத் திரும்பிப் பாப்பாரு." அவர் மூக்கை உறிஞ்சினார். "வண்டியில ஏத்தும்போதே என்னை அவசரப்படுத்தினாரு. 'சீக்கிரம் போன் போடு, சீக்கிரம் போடு, அம்மா பூச்சுக்கு உக்காந்துட்டா அப்புறம் யாரும் சொல்ல மாட்டாங்க'ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. வலியில ஒளர்றாருன்னு நெனச்சேன். இங்க கொண்டாந்து சேத்து, கட்டிலு கெடச்சு, அதுக்கப்புறம்தான் போட்டேன்."

சுண்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. கதவைப் பார்த்துக்கொண்டே கிடந்தவனுக்கு, ஏன் யாரும் வரவில்லை என்பதும் தெரிந்திருக்கும். இதை இனி எந்தத் தண்ணீரை ஊற்றிக் கழுவுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லச் சொன்னாரும்மா" என்றார் கிடங்குக்காரர், குரலைத் தாழ்த்தி. "உங்ககிட்ட மட்டும். அப்பா இல்லாதப்பச் சொல்லணும்னாரு."

அம்மா தலையைத் தூக்கினாள். அதே நேரம் நடையின் அந்தக் கோடியில் செருப்புச் சத்தம்.

அப்பா ஓடி வந்துகொண்டிருந்தார். விருந்தாளியின் கட்டம் போட்ட கோட்டு, ஒரு பக்கம் பிய்ந்து தொங்கும் ஒட்டு மீசை, வியர்வையில் கோடு கோடாக வழிந்த பூச்சு. நோயாளிக் குழந்தை ஒன்று அவரைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தது. பின்னால் சித்தப்பா. வழியெல்லாம் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று சுண்டுவுக்குத் தெரியும். எதுவும் சொல்லியிருக்க மாட்டார். காது மடலைத் தடவியிருப்பார்.

"எப்படி இருக்கான்?" அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "கட்டு போட்டாச்சா? பொழைக்கிறது கஷ்டம்னு நீ சொன்னது... அது நாடகத்துக்குத்தானே? சுண்டு தப்பா எடுத்துக் கொடுத்துட்டாளா?"

கிடங்குக்காரர் தரையைப் பார்த்தார்.

"கேக்கறேன்ல. எப்படி இருக்கான் அவன்?"

அம்மா எழுந்து நின்றாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் முகத்திலும் பூச்சு பாதி இருந்தது, மீதி உள்ளே படுத்திருந்தவன் கன்னத்தில் இருந்தது.

"முதல்ல போய் முகத்தைக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

அப்பா நின்றார். தொங்கிய மீசையைக் கையால் பிடித்துக்கொண்டார். அந்தச் சட்டத்தில் வளர்ந்தவருக்கு அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சித்தப்பா அக்குளில் கை கொடுத்துத் தாங்கினார். இருவருமாக நடையின் ஓரத்தில் இருந்த குளியலறைக்குப் போனார்கள். கதவு மூடியது. குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, முகத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கவில்லை.

அம்மா கிடங்குக்காரர் பக்கம் திரும்பினாள். "அவர் வர்றதுக்குள்ள சொல்லுப்பா."

அந்த ஆள் சுண்டுவைப் பார்த்துத் தயங்கினார். "தங்கச்சி கொஞ்சம் அந்தப் பக்கம் போனா நல்லாருக்கும். உங்ககிட்ட மட்டும்தான்னு..."

சுண்டு எழுந்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து மறுபடி பெஞ்சில் உட்கார வைத்தாள். டாக்சியில் விடுவித்த அதே கை. பிடியில் அன்பு இருந்ததா, கோபம் இருந்ததா என்று சொல்ல முடியாது. இறுக்கமாக இருந்தது.

"இவ இருக்கட்டும்" என்றாள் அம்மா. "எனக்கு இப்பல்லாம் எல்லாம் மறந்துபோவுது. இதுவும் மறந்துட்டா நான் என்ன பண்ணுவேன்? இவ கேக்கட்டும்."